கிளவுட் சர்வரிலிருந்து டேட்டா டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிளவுட் கன்சோலில் 'டிடாச்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றச் சொன்னால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நேராக அங்கேதான் போகிறார்கள். அந்தப் பட்டனை அழுத்துவது ஏறக்குறைய கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியது எல்லாம் சர்வருக்கு உள்ளே இருக்கிறது.

புதுச்சேரியிலும் கடலூர் பக்கத்திலும் சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். முந்திரி வியாபாரிகளின் பில்லிங், மருந்துக் கடைகளின் ஸ்டாக், விடுதிகளின் புக்கிங் என்று போகும். கூட வேலை பழகும் பிள்ளைகள் இந்த வேலையில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, அந்த இடங்களில் கொஞ்சம் நின்று எழுதியிருக்கிறேன்.

உபுண்டு, டெபியன், ரெட் ஹாட் வகை லினக்ஸ் சர்வர்களுக்கு இது பொருந்தும். விண்டோஸுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டிஸ்க்கை ஓர் அடைவோடு (ஃபோல்டரோடு) இணைப்பது மவுண்ட், அந்த இணைப்பை எடுப்பது அன்மவுண்ட். நம் டிஸ்க் /டேட்டா என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதியவுடன் அது டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. லினக்ஸ் அதை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் டிஸ்க்குக்கு அனுப்புகிறது. வழக்கமான அமைப்பில் சில தகவல்கள் 30 விநாடி வரைகூட மெமரியிலேயே காத்திருக்கலாம். அந்த நேரத்தில் டிஸ்க்கைப் பிடுங்கினால் கடைசியாகப் போட்ட பில்கள் போய்விடும், ஃபைல் சிஸ்டமும் (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் அமைப்பு) பாதியில் நிற்கும். ஆகவே முதலில் புரோகிராம், அடுத்து ஃபைல் சிஸ்டம், அப்புறம்தான் டிஸ்க்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வரில் சூடோ (நிர்வாகி) உரிமை, கன்சோலில் டிஸ்க்கைக் கழற்றும் உரிமை இரண்டும் வேண்டும். இரண்டும் உங்களிடமே இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பாதி வேலையில் உரிமை கேட்டு முதலாளிக்குப் போன் போட்டால், பில்லிங் நின்றபடி ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து டெர்மினலில் நுழையும் வழக்கமான வழி) இல்லாமல் சர்வருக்குள் நுழைய இன்னொரு வழி வேண்டும். சீரியல் கன்சோல் என்ற வசதி பெரிய கிளவுட்கள் எல்லாவற்றிலும் உண்டு. அது உங்கள் சர்வரில் வேலை செய்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். சர்வர் பூட் ஆகாமல் நின்ற பிறகு தேடினால், உள்ளே நுழையப் பாஸ்வேர்டே வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் திறந்து அதற்குள் வேலை செய்யுங்கள். நடுவில் இன்டர்நெட் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை நிற்காது. திரும்ப நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கடைசியாக ஒரு சின்னக் குறிப்பு எழுதி வையுங்கள்: டிஸ்க்கின் ஐடி, அளவு, மவுண்ட் ஆகும் இடம், யுயுஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்), அதைப் பயன்படுத்தும் சர்வீஸ்களின் பெயர். வேலை முடியும்வரை இந்தக் குறிப்பைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

2. நாளும் நேரமும்

ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனமாக இருந்தால் மாதத்தின் 11, 20 தேதிகளையும் அவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களையும் விட்டுவிடுங்கள். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 கொடுக்க 11 கடைசி நாள், ஜிஎஸ்டிஆர்-3பி கொடுக்க 20. அந்த நாட்களில் கணக்கர் இரவிலும் சர்வரில் உட்கார்ந்திருப்பார்.

நம் கடற்கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. சர்வர் மும்பையில் பத்திரமாக ஓடும். கரண்ட் போய், டவரும் போய் உட்கார்ந்திருப்பது நாம்தான். பாதியில் நிற்கும் வேலையை முடிக்க ஆள் இருக்காது.

3. எந்த டிஸ்க் என்பதை மூன்று வழிகளில் உறுதி செய்யுங்கள்

எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று தட்டினால் எல்லா டிஸ்க்கும், அவற்றின் ஃபைல் சிஸ்டமும், யுயுஐடியும், மவுண்ட் ஆன இடமும் வரும். ஃபைண்ட்மவுண்ட் /டேட்டா என்றால் அந்த இடத்தில் இருப்பது எந்த டிஸ்க் என்று ஒரே வரியில் காட்டும்.

இங்கே செய்யும் தவறு அளவை வைத்து அடையாளம் காண்பது. ஒரே சர்வரில் இரண்டு 100 ஜிபி டிஸ்க் இருப்பது சர்வ சாதாரணம். அடுத்த தவறு எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்களை நம்புவது. அந்தப் பெயர்கள் டிஸ்க்குக்குச் சொந்தமானவை அல்ல. பூட் ஆகும்போது எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் பெயர் கிடைக்கும். ரீபூட் ஆனால் மாறலாம்.

டிஸ்க்கை கன்சோலில் உள்ள ஐடியோடு சேர்த்துப் பார்ப்பதுதான் சரியான வழி. அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், நைட்ரோ வகைச் சர்வர்களில் டிஸ்க்குகள் என்விஎம்இ என்ற பெயரில் வரும். எல்எஸ்பிஎல்கே -ஓ +சீரியல் என்று கேட்டால், கடைசி நெடுவரிசையில் வால்யூம் ஐடியே (டிஸ்க்கின் ஐடி) நடுவில் கோடு இல்லாமல் தெரியும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸ்யூரில் டேட்டா டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் லன் என்ற வரிசை எண் உண்டு. அது /டெவ்/டிஸ்க்/அஸ்யூர் என்ற அடைவுக்குள் இருக்கும், கன்சோலிலும் அதே எண்தான். கூகுள் கிளவுடில் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடைவில், மாட்டும்போது கொடுத்த பெயர் 'கூகுள்-' என்ற முன்னொட்டோடு நிற்கும்.

அஸ்யூரில் பல சர்வர்களுக்கு ஒரு தற்காலிக டிஸ்க்கும் சேர்ந்து வரும். லினக்ஸில் பெரும்பாலும் அது /எம்என்டி என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருக்கும். அது கழற்றக்கூடிய டிஸ்க் இல்லை. சர்வரை டீஅலோகேட் செய்தால் (நிறுத்தி விடுவித்தால்) அதில் இருப்பது எல்லாம் போய்விடும். யாராவது அதில் முக்கியமான ஃபைல் போட்டு வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள்.

4. ஸ்னாப்ஷாட்: முதல் நாள் ஒன்று, அன்மவுண்டுக்குப் பின் ஒன்று

ஸ்னாப்ஷாட் என்பது டிஸ்க்கின் அந்த நேரத்து நகல். இரண்டு எதற்கு என்று கேட்பார்கள். சர்வர் ஓடும்போது எடுக்கும் ஸ்னாப்ஷாட்டில் மெமரியில் காத்திருக்கும் தகவல் வராது. கரண்ட் திடீரென்று போனால் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுவும் இருக்கும். பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஆனால் அதையே நம்பி இருக்க முடியாது. அன்மவுண்ட் செய்த பிறகு, டிஸ்க் சர்வரோடு இருக்கும்போதே எடுக்கும் இரண்டாவதுதான் சுத்தமானது.

அப்படியானால் முதலாவது எதற்கு? முழு டிஸ்க்கையும் முதன்முறை நகலெடுக்க நேரம் பிடிக்கும். ஏடபிள்யூஎஸ் ஸ்னாப்ஷாட்டுகள் முந்தையதிலிருந்து மாறிய பகுதிகளை மட்டுமே சேர்ப்பவை. முதல் நாளே ஒன்று எடுத்து வைத்தால், மறுநாள் பில்லிங் நின்றிருக்கும் நேரத்தில் எடுப்பது சீக்கிரம் முடியும். டேட்டாபேஸ் இருந்தால் இதோடு விடாமல் டம்ப் (டேட்டாபேஸில் இருப்பதை ஃபைலாக எழுதிய நகல்) ஒன்றும் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

5. டிஸ்க்கைத் தொடும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான்.

டேட்டாபேஸை சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொண்டு முறையாக நிறுத்துங்கள். கில் -9 வேண்டாம். முறையாக நிறுத்தினால் போஸ்ட்கிரெஸ், மரியாடிபி இரண்டும் தம் கணக்கை முடித்து எழுதிவிட்டு மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால் அதோடு பேசும் வெப் அப்ளிகேஷனை நிறுத்துங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளர் திரையில் எர்ரர் கொட்டும்.

டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) இருந்தால் டாக்கர் பிஎஸ் பட்டியலைப் பார்த்து, எந்தக் கன்டெய்னர் /டேட்டாவைப் பயன்படுத்துகிறது என்று தெரிந்துகொண்டு நிறுத்துங்கள். கன்டெய்னர்களின் அமைப்பை எழுதியிருக்கும் காம்போஸ் ஃபைலில் ரீஸ்டார்ட்: ஆல்வேஸ் என்று இருந்தால் கவனம். கையால் நிறுத்திய கன்டெய்னரும் டாக்கர் சர்வீஸ் மறுபடி தொடங்கும்போது, அதாவது சர்வர் ரீபூட் ஆனால், தானாக எழுந்துவிடும். காம்போஸ் டவுன் கொடுத்துவிடுவது நல்லது.

அப்படி எழுந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். டிஸ்க் போன பிறகும் /டேட்டா என்ற அடைவு ரூட் டிஸ்க்கில் (சர்வர் பூட் ஆகும் டிஸ்க்) வெறுமையாக இருக்கும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர்களின் அதிகாரப்பூர்வ இமேஜ்கள் வெற்று அடைவைக் கண்டால் புது டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பில்லிங் அப்ளிகேஷனும் அதில் புதிதாக டேபிள் போட்டுக்கொள்ளும் வகை என்றால், திரை எந்த எர்ரரும் இல்லாமல் திறக்கும், உள்ளே ஒரு பில்கூட இருக்காது. கடையில் இருப்பவர் பழைய பில் எங்கே என்று கேட்காமல் புது பில் போடத் தொடங்கிவிட்டால், பிறகு இரண்டு டேட்டாபேஸையும் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பேக்கப். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான்டேப், சிஸ்டம்டி டைமர் இரண்டையும் பாருங்கள். ஆர்சிங்க் --டெலீட் விருப்பத்தோடு /டேட்டாவை வேறு இடத்துக்கு நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று வையுங்கள். இரவு அது ஓடும்போது மூலம் வெறுமையாக இருக்கும். மூலத்தில் இல்லாததை எல்லாம் பேக்கப்பிலிருந்தும் அழித்துவிடும். டிஸ்க் பத்திரமாக இருக்கும்போதே பேக்கப் காலியாகிவிடும். அந்த வரியை இப்போதே கமென்ட் செய்யுங்கள் (முன்னால் # போட்டு முடக்குங்கள்).

லாக் எழுதும் புரோகிராம்கள், சாம்பா ஷேர், ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஆகியவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

6. எஃப்எஸ்டேப் வரியை முடக்குங்கள்

பூட் ஆகும்போது எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதியிருப்பது /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில். அதற்கு முதலில் ஒரு நகல் எடுங்கள். அப்புறம் /டேட்டா உள்ள வரியின் முன்னால் # போடுங்கள். அழிக்க வேண்டாம். திரும்ப மாட்ட வேண்டி வந்தால் அந்த யுயுஐடியும் விருப்பங்களும் அப்படியே கிடைக்கும்.

இதை மறந்தால் இன்று ஒன்றும் தெரியாது. என்றைக்காவது கர்னல் அப்டேட்டுக்கு ரீபூட் செய்யும்போதுதான் தெரியும். பூட் ஆகும்போது சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி வைக்கும் புரோகிராம்) அந்த டிஸ்க்குக்காக வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். எஸ்எஸ்எச் வராது. கன்சோலில் சர்வர் பச்சையாக 'ரன்னிங்' என்றே காட்டும். கடை திறந்திருக்கும், பில் போட முடியாது. அப்போது சீரியல் கன்சோல் வழியாக நுழைய வேண்டும், அல்லது ரூட் டிஸ்க்கை இன்னொரு சர்வரில் மாட்டி ஃபைலைத் திருத்த வேண்டும்.

திருத்திய பின் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுங்கள். எஃப்எஸ்டேப்பைப் படித்து சிஸ்டம்டி ஏற்கனவே உருவாக்கி வைத்த மவுண்ட் யூனிட், ரீலோட் செய்யும்வரை அதன் நினைவில் இருக்கும். ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை என்றால் ஃபைலில் எழுத்துப் பிழை இருந்தாலும் சொல்லிவிடும்.

இனிமேல் டேட்டா டிஸ்க் எதைச் சேர்த்தாலும் நோஃபெயில் என்ற விருப்பத்தோடு எழுதுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் பூட் ஆகும். டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க்குக்கு நோஃபெயில் மட்டும் போதாது. சர்வீஸ் யூனிட்டில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் வரியும் சேர்த்தால்தான், டிஸ்க் வராமல் சர்வீஸ் தொடங்காது.

7. அன்மவுண்ட்

முதலில் சிடி / கொடுத்து /டேட்டாவிலிருந்து வெளியே வாருங்கள். 'டார்கெட் இஸ் பிஸி' என்று வருவதற்கு அதிகம் காரணமாக இருப்பது, தட்டுகிறவரின் ஷெல்லே அந்த அடைவுக்குள் நிற்பதுதான். திறந்து வைத்த மற்ற டெர்மினல் ஜன்னல்களையும் பாருங்கள்.

அப்புறம் சூடோ யுமவுண்ட் /டேட்டா. தட்டும்போது யு-வுக்கு அடுத்து எம். நடுவில் என் எழுத்து கிடையாது. பதில் எதுவும் வராமல் பிராம்ப்ட் திரும்பினால் வேலை முடிந்தது. எழுத வேண்டியது நிறைய இருந்தால் சில விநாடி, சில சமயம் ஒரு நிமிடம்கூட ஆகலாம். பொறுத்திருங்கள். கன்ட்ரோல்-சி அடிக்காதீர்கள்.

பிஸி என்று வந்தால், ஃபியூசர் -விஎம் /டேட்டா கொடுங்கள். எந்தப் புரோகிராம், எந்தப் பயனர் என்று பட்டியல் வரும். எல்எஸ்ஓஎஃப் /டேட்டா என்றால் எந்த ஃபைல் திறந்திருக்கிறது என்பதும் தெரியும். பெயரைப் பார்த்து அந்தந்த சர்வீஸை முறையாக நிறுத்துங்கள்.

ஃபியூசர் -கே சேர்த்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொல்ல ஆசை வரும். அதில் ஒரு பொறி இருக்கிறது. /டேட்டா ஏற்கனவே அன்மவுண்ட் ஆகியிருந்தால் அது வெறும் ரூட் டிஸ்க் அடைவு. அப்போது -எம் விருப்பம் ரூட் டிஸ்க்கைப் பயன்படுத்தும் புரோகிராம்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், உங்கள் எஸ்எஸ்எச் உட்பட. அவை அத்தனையும் சாகும்.

பட்டியலில் யாருமே இல்லை, ஆனாலும் பிஸி என்கிறதா? புரோகிராம் எதுவும் பிடித்திருக்கவில்லை, கர்னலே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த வரிசையில் பாருங்கள். ஸ்வாப்ஆன் --ஷோ: அந்த டிஸ்க்கில் ஸ்வாப் ஃபைல் (மெமரி போதாதபோது பயன்படுவது) இருந்தால் ஸ்வாப்ஆஃப் செய்ய வேண்டும், அதற்கு முன் மெமரி போதுமான அளவு காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைண்ட்மவுண்ட் -ஆர் /டேட்டா: உள்ளே இன்னொரு மவுண்ட் இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். லோசெட்டப் -ஏ: அங்கே உள்ள இமேஜ் ஃபைல் ஏதாவது லூப் டிவைஸாக ஓடலாம். எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி: என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்திருந்தால் அந்தப் பகிர்வை நிறுத்த வேண்டும்.

இவ்வளவு பார்க்கப் பொறுமை இல்லாமல் யுமவுண்ட் -எல் கொடுப்பவர்கள் நிறையப் பேர். இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பதும் அதுதான். தயவுசெய்து வேண்டாம். -எல் என்பது வீட்டின் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுவது, உள்ளே இருப்பவர்கள் குடியிருந்துகொண்டேதான் இருப்பார்கள். எல்எஸ்பிஎல்கே பட்டியலில் மவுண்ட் இடம் காலியாகத் தெரியும், ஃபைல் சிஸ்டமோ உள்ளுக்குள் எழுதிக்கொண்டிருக்கும். அதை நம்பி டிஸ்க்கைக் கழற்றினால் அன்மவுண்ட் செய்யாமல் பிடுங்கியதற்குச் சமம்.

உண்மையிலேயே விட்டுவிட்டதா என்று பார்க்க நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. இஎக்ஸ்டி4 என்றால் /சிஸ்/எஃப்எஸ்/இஎக்ஸ்டி4 அடைவையும், எக்ஸ்எஃப்எஸ் என்றால் /சிஸ்/எஃப்எஸ்/எக்ஸ்எஃப்எஸ் அடைவையும் பாருங்கள். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் அங்கே டிவைஸ் பெயரில் ஓர் அடைவு இருக்கும். உங்கள் டிஸ்க்கின் பெயர் அங்கே இல்லையென்றால் கர்னல் அதை முழுவதும் விட்டுவிட்டது. இருந்தால், வேறு எங்கோ இன்னும் மவுண்ட் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் ஏதாவது ஒரு கன்டெய்னரின் தனி மவுண்ட் உலகத்துக்குள் இருக்கும். /ப்ராக் அடைவில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் உள்ள மவுண்ட்இன்ஃபோ ஃபைல்களில் டிஸ்க்கின் பெயரை கிரெப் கொண்டு தேடினால் யார் என்று அகப்படும்.

சரி, அன்மவுண்ட் ஆகிவிட்டது. இப்போது வெறுமையாக நிற்கும் /டேட்டா அடைவுக்கு சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /டேட்டா கொடுங்கள். இனி ரூட் பயனரால்கூட அதற்குள் ஃபைல் உருவாக்க முடியாது. மேலே சொன்ன வெற்று டேட்டாபேஸ் சிக்கலை இந்த ஒரு வரி அடைத்துவிடும். பிறகு அதே இடத்தில் டிஸ்க்கை மவுண்ட் செய்யவும் இது தடையில்லை.

4-ஆம் படியில் சொன்ன இரண்டாவது ஸ்னாப்ஷாட்டை இப்போது எடுங்கள்.

8. எல்விஎம், என்கிரிப்ஷன், ரெய்டு இருந்தால்

எல்எஸ்பிஎல்கே காட்டும் மரத்தில் டிஸ்க்குக்குக் கீழே எல்விஎம் (டிஸ்க்குகளை வால்யூம் குரூப்பாகச் சேர்த்துப் பங்கிடும் அடுக்கு), கிரிப்ட் (என்கிரிப்ஷன்), ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாக இயக்குவது) என்று கிளைகள் இருந்தால், அன்மவுண்டுக்குப் பிறகு அந்த அடுக்குகளையும், மரத்தின் கடைசிக் கிளையில் தொடங்கி டிஸ்க்கை நோக்கி, ஒவ்வொன்றாக மூட வேண்டும். எல்விஎம்முக்கு விஜிசேஞ்ச் -ஏஎன், லக்ஸ் என்கிரிப்ஷனுக்கு கிரிப்ட்செட்டப் க்ளோஸ், ரெய்டுக்கு எம்டிஏடிஎம் --ஸ்டாப்.

ஒரே வால்யூம் குரூப்பில் இரண்டு டிஸ்க் சேர்ந்திருந்தால் ஒன்றை மட்டும் கழற்றக் கூடாது. ஒரே ஃபைலின் பாதி இதிலும் பாதி அதிலும் இருக்கலாம். பிவிஎஸ் என்று தட்டி, எந்த டிஸ்க் எந்தக் குரூப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று இரண்டையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், அல்லது பிவிமூவ் கொண்டு தகவலை நகர்த்தி, விஜிரெட்யூஸ் செய்து, பிறகு கழற்ற வேண்டும்.

9. கன்சோலில் கழற்றுதல்

குறிப்பில் எழுதிய ஐடியை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏடபிள்யூஎஸ்ஸில் இசி2 பக்கத்தில் வால்யூம்ஸ், டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஆக்‌ஷன்ஸ், டிடாச் வால்யூம். நிலை 'இன்-யூஸ்' என்பதிலிருந்து 'அவைலபிள்' என்று மாற வேண்டும். அதே மெனுவில் ஃபோர்ஸ் டிடாச், டெலீட் இரண்டும் இருக்கின்றன. இரண்டும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

அஸ்யூரில் சர்வரின் டிஸ்க்ஸ் பக்கத்தில் டிடாச் அடையாளத்தை அழுத்திவிட்டு, மாற்றத்தைச் சேமிக்கவும் வேண்டும். சேமிக்காமல் பக்கத்தை மூடினால் ஒன்றும் நடந்திருக்காது. கூகுள் கிளவுடில் சர்வரை எடிட் செய்து டிஸ்க்கை நீக்கிச் சேமிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 'டெலீஷன் ரூல்' என்று ஒரு விதி உண்டு. சர்வரை அழிக்கும்போது டிஸ்க் என்ன ஆக வேண்டும் என்பதைச் சொல்வது அது. அது 'கீப் டிஸ்க்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

'டிடாச்சிங்' என்று நீண்ட நேரம் நின்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் சர்வருக்குள் அன்மவுண்ட் சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். 7-ஆம் படிக்குத் திரும்புங்கள். அப்படியும் நகராவிட்டால் சர்வரை முறையாக ஸ்டாப் செய்தால் டிஸ்க் விடுபடும். ஃபோர்ஸ் டிடாச் சர்வருக்கு எழுதி முடிக்க அவகாசமே தராது. வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும்தான் அது, செய்த பிறகு அந்த சர்வரை ரீபூட்டும் செய்ய வேண்டும்.

டெராஃபார்ம் (சர்வர் அமைப்பைக் கோடாக எழுதும் கருவி) கொண்டு அமைத்த சர்வர் என்றால் கன்சோலில் கை வைக்காதீர்கள், கோடில் மாற்றுங்கள். கையால் கழற்றியதை, அடுத்த முறை அப்ளை கட்டளை ஓடும்போது அது திரும்ப மாட்டிவிடும். குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் கருவி) நிர்வகிக்கும் டிஸ்க்குகளுக்கும் இதே எச்சரிக்கை.

10. கழற்றியதும் ரீபூட் செய்து பாருங்கள்

எல்எஸ்பிஎல்கே பட்டியலில் டிஸ்க் இல்லை என்று பாருங்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் ஐ/ஓ எர்ரர் ஏதும் வந்திருக்கக் கூடாது.

அடுத்து ரீபூட். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். எஃப்எஸ்டேப்பில் ஏதாவது தவறு இருந்தால் அது நீங்கள் முழித்திருக்கும் இந்த நேரத்திலேயே வெளிப்பட வேண்டும். மூன்று மாதம் கழித்து வேறு யாரோ ரீபூட் செய்யும்போது வெளிப்பட்டால், அவருக்கு இந்த டிஸ்க் இருந்ததே தெரிந்திருக்காது.

எழுந்து வந்த பிறகு சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட் கொடுத்து எந்த சர்வீஸாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சிஎச்ஏடிடிஆர் கொடுத்தும் /டேட்டாவை யாராவது தேடிக்கொண்டிருந்தால் இங்கே பிடிபடுவார்கள்.

11. வேறு சர்வரில் மாட்டும்போது

முதலில் இடம். ஏடபிள்யூஎஸ் டிஸ்க்கை அது இருக்கும் அவைலபிலிட்டி ஜோனுக்குள்தான் (ஒரு ரீஜனுக்குள் இருக்கும் தனித்தனி டேட்டா சென்டர் பகுதி) மாட்ட முடியும். மும்பையின் ஒரு ஜோனில் உள்ள டிஸ்க்கை மும்பையிலேயே இன்னொரு ஜோனில் உள்ள சர்வரில் மாட்ட முடியாது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து அந்த ஜோனில் புது டிஸ்க் உருவாக்க வேண்டும். அஸ்யூரில் சென்னையில் உள்ள சவுத் இந்தியா ரீஜனின் டிஸ்க்கை, புனேயில் உள்ள சென்ட்ரல் இந்தியா ரீஜனின் சர்வரில் நேராக மாட்ட இயலாது.

மாட்டியதும் 'புது டிஸ்க் சேர்ப்பது எப்படி' என்ற வழிகாட்டியைத் திறந்து அப்படியே செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய விபத்து. அதில் எம்கேஎஃப்எஸ் என்று ஒரு படி இருக்கும். அது டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் கட்டளை. தகவல் உள்ள டிஸ்க்குக்கு அந்தப் படி கிடையவே கிடையாது. எல்எஸ்பிஎல்கே -எஃப் கொடுங்கள். ஃபைல் சிஸ்டம் பெயரும் யுயுஐடியும் தெரிந்தால் உள்ளே தகவல் இருக்கிறது. முதல்முறை மவுண்ட் -ஓ ஆர்ஓ என்று படிக்க மட்டும் மவுண்ட் செய்து, ஃபைல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு எழுத அனுமதியுங்கள்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் டிஸ்க்கை, மூல டிஸ்க் இருக்கும் அதே சர்வரில் மவுண்ட் செய்யப் போனால் மறுக்கும். இரண்டுக்கும் ஒரே யுயுஐடி என்பதுதான் காரணம். நோயுயுஐடி என்ற விருப்பம் கொடுத்தால் மவுண்ட் ஆகும்.

ஃபைல் தெரிகிறது, ஆனால் டேட்டாபேஸ் 'பர்மிஷன் டினைடு' என்கிறதா? டிஸ்க்கில் உரிமையாளர் பெயர் எழுதியிருக்காது, எண்தான் இருக்கும். பழைய சர்வரில் போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் 113, புதியதில் 108 என்று இருந்தால் ஃபைல் யாருக்கோ சொந்தமாகத் தெரியும். எல்எஸ் -எல்என் கொடுத்து எண்ணைப் பார்த்து, சிஎச்ஓன் கொண்டு திருத்துங்கள்.

12. விண்டோஸ் சர்வர் என்றால்

டேலி, எஸ்க்யூஎல் சர்வர் போன்றவற்றை நிறுத்திவிட்டு, பேஜ் ஃபைல் (விண்டோஸின் ஸ்வாப் ஃபைல்) அந்த டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சி டிரைவுக்கு மாற்றி ரீபூட் செய்யுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இடது பக்கம் 'டிஸ்க் 1' என்று எழுதியிருக்கும் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து ஆஃப்லைன் கொடுங்கள். அதன் பிறகே கன்சோல்.

வேறு விண்டோஸ் சர்வரில் மாட்டும்போது டிஸ்க் ஆஃப்லைன் நிலையிலேயே வரலாம். ஆன்லைன் கொடுத்தால் போதும். இனிஷியலைஸ் செய்யச் சொல்லி ஜன்னல் வந்தால் ஓகே அழுத்தாதீர்கள். தவறான டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். டிரைவ் எழுத்து மாறியிருந்தால் பழைய எழுத்தையே கொடுங்கள். இல்லையென்றால் டேலி கம்பெனி ஃபோல்டரைத் தேடிக்கொண்டு நிற்கும்.

13. கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது

கழற்றிவிட்டால் பில் நின்றுவிடும் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். நிற்காது. டிஸ்க் சர்வரில் இல்லாவிட்டாலும் அதன் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் காசு ஏறிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கின் டேகில் (கன்சோலில் டிஸ்க்கோடு ஒட்டி வைக்கும் குறிப்பு) கழற்றிய தேதி, எந்த சர்வருடையது, யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். பெயரில்லாமல் கிடக்கும் டிஸ்க்கை அழிக்கவும் பயமாக இருக்கும், வைத்திருக்கவும் செலவாகும்.

ஒரு மாதம் வைத்திருந்து, யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால், சுத்தமான ஸ்னாப்ஷாட்டிலிருந்து புது டிஸ்க் ஒன்றை உருவாக்கித் திறந்து பாருங்கள். ஃபைல்கள் திறந்தால் பழைய டிஸ்க்கை அழிக்கலாம். ஏடபிள்யூஎஸ்ஸில் டிஸ்க்கை அழித்தாலும் அதன் ஸ்னாப்ஷாட் அப்படியே இருக்கும்.

அந்த ஸ்னாப்ஷாட்டை எப்போது அழிப்பது என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. பில்லிங் தகவல் என்றால், ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் இன்னும் கூடும். நிறுவனத்தின் ஆடிட்டரிடம் கேட்டு, அழிக்கலாம் என்ற பதிலை மெயிலில் எழுத்தாக வாங்கிக்கொண்ட பிறகு அழியுங்கள்.